டிக்கெட் காசை வசூல் பண்ணக் கிளம்பாதீர்கள்: சேலத்திலிருந்து தீம் பார்க் போகும் குடும்பங்களுக்கு

அம்மாப்பேட்டையில் இருக்கிறோம், மே மாத லீவில் முதல் தடவையாகப் பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப் போகிறோம், பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 4, கூட மாமியாரும் காலேஜ் படிக்கும் கொழுந்தனும் வருகிறார்கள், ராத்திரி வேன் ஏறி விடியக்காலம் பெங்களூர் போய் இறங்கி நாள் முழுக்க விளையாடிவிட்டு அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிடலாம் என்று திட்டம், இதில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேலத்தில் டிராவல்ஸ் தொழிலில் இருப்பவன். கோடை லீவு வந்தால் எங்கள் வேன்கள் பெங்களூர் ரோட்டிலும் மேட்டுப்பாளையம் ரோட்டிலும்தான் ஓடிக்கொண்டிருக்கும். போகும்போது பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு போகிற குடும்பம் திரும்பும்போது ஒருவருக்கொருவர் பேசாமல் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தப்பு உங்கள் திட்டத்திலேயே இருக்கிறது, சகோதரி. தலைக்கு இவ்வளவு ரூபாய் டிக்கெட், ஆறு பேர், வேன் வாடகை, சாப்பாடு என்று கூட்டிப் பார்த்ததும், கொடுத்த காசுக்கு ஒரு ராட்டினம் விடாமல் ஏறிவிட வேண்டும், தங்குவதற்கு வேறு செலவு பண்ணக்கூடாது என்ற கணக்கு தானாக வந்துவிடும். மற்ற எல்லாத் தப்பும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. தூங்காமல் போவது, வெயிலில் சாப்பிடாமல் வரிசையில் நிற்பது, பயந்து அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பது, களைத்துப்போன டிரைவரை நடுராத்திரியில் ஓட்டச் சொல்வது, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வசூல் கணக்குதான் நிற்கும். டிக்கெட் வாங்கிய நிமிஷமே அந்தக் காசு போய்விட்டது, அது இனி திரும்பாது. மிச்சம் இருப்பது அந்த நாள் மட்டும்தான், அதை நல்லபடியாக முடிக்கப் பாருங்கள்.

ராத்திரிப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு வேன் ஏறினால் பிள்ளைகள் பன்னிரண்டு வரை தூங்க மாட்டார்கள், உற்சாகம். வொண்டர்லா என்கிற தீம் பார்க் பெங்களூர் ஊருக்குள் இல்லை, மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் இருக்கிறது, சேலத்திலிருந்து 220, 230 கிலோமீட்டர் வரும். விடியற்காலை நாலு, நாலரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். பார்க்கின் கதவு முற்பகலில்தான் திறக்கும். நடுவில் இருக்கிற ஆறு மணி நேரம் எங்கே இருப்பீர்கள்? ஏதாவது ஒரு ஓட்டல் வாசலில், வேனுக்குள்ளே, இரண்டு பிள்ளைகளும் ஒரு பாட்டியுமாக, பாத்ரூமுக்கு இடம் தேடிக்கொண்டு. கதவு திறக்கும்போது உங்கள் பையனுக்குத் தூக்கம் சொக்கும், மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் சிணுங்க ஆரம்பிப்பான், அதற்கு அவனைத் திட்டுவீர்கள்.

இதற்குப் பதில் முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டிச் சாயங்காலம் ஓசூரில் ரூம் போடுங்கள். பெங்களூருக்குள் தங்குவதைவிட ஓசூரில் வாடகை குறைவு, நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு எடுத்தால், எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில், ஊரைச் சுற்றிப் போகிற நைஸ் ரோடு பிடித்து நேராக மைசூர் ரோட்டில் இறங்கிவிடலாம், பெங்களூர் டிராபிக்குக்குள் போகவே வேண்டாம். அந்த ரோட்டுக்குத் தனியாகச் சுங்கம் கட்ட வேண்டும், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். சுங்கக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சில்க் போர்டு சந்திப்பு வழியாக ஊருக்குள்ளே போய் மாட்டிக்கொண்டால் காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் பையனின் உயரம் என்ன?

வயதைச் சொல்லியிருக்கிறீர்கள், உயரத்தைச் சொல்லவில்லை. தீம் பார்க்கில் வயதை யாரும் கேட்க மாட்டார்கள், உயரம்தான் எல்லாம். வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், அங்கிருந்து 140 வரை சிறுவர் டிக்கெட், அதற்கு மேலே போனால் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் பெரியவர் டிக்கெட். உள்ளே போன பிறகு ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு அளவுப் பலகை நிற்கும். பெரிய ராட்டினங்களுக்குப் பொதுவாக 120 செ.மீ., இன்னும் வேகமானதற்கு 130, 140 என்று கேட்பார்கள். நாலு வயதுப் பையன் நூறு செ.மீ. பக்கத்தில் இருப்பான். ஒன்பது வயதுப் பெண் 130 பக்கத்தில் இருப்பாள், அதாவது சிலதில் ஏற்றுவார்கள், சிலதில் மாட்டார்கள்.

அந்தப் பலகை முன்னால் நடப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று வாசல் வரை வந்திருப்பார்கள், பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையோடு ஒட்டி நிற்கும், கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தலை இருக்கும், அம்மா முடியைக் கொஞ்சம் தூக்கிவிடுவாள், பிள்ளை குதிகாலை எழுப்பும், ஆபரேட்டர் தலையில் கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு இல்லை என்று கையை ஆட்டுவார். உடனே அப்பா சண்டைக்குப் போவார். அந்தச் சண்டை வேண்டவே வேண்டாம். ராட்டினத்தில் தோள் மேல் இறங்கும் கம்பியும் இடுப்பு மேல் பூட்டும் கம்பியும் ஒரு அளவு உடம்பை மனதில் வைத்துச் செய்தவை. சின்ன உடம்பு அந்தப் பூட்டுக்கு அடியில் வழுக்கி வெளியே வந்துவிடும். ஆபரேட்டர் முடியாது என்று சொல்வது உங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான், விட்டுவிடுகிற ஆபரேட்டரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். வீட்டிலேயே சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். பார்க்கின் வலைத்தளத்தில் எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று போட்டிருப்பார்கள், பெண்ணை உட்கார வைத்து இது உனக்கு உண்டு, இது அடுத்த வருஷம் என்று கிளம்புவதற்கு முன்னாடியே பேசிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அழுகை, இங்கேயே தெரிந்தால் அது வெறும் சேதி.

பையன் நூறு செ.மீ.கூட இல்லை என்றால், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அவனுக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பெண்ணுக்காகப் போங்கள், அவன் கூட வரட்டும், சின்னப் பிள்ளைகள் பகுதியிலும் முழங்கால் அளவு தண்ணீரிலும் அவன் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பான். ஆனால் "அவனுக்கும் டிக்கெட் எடுத்திருக்கே" என்று பெரிய ராட்டினங்களின் வாசலில் அவனை நிறுத்தாதீர்கள். அந்த வயதுக்கு நம் குரும்பப்பட்டி மிருகக்காட்சி சாலையும், ஏற்காடு ஏரியில் ஒரு படகுச் சவாரியும், ஆடிப் பண்டிகைப் பொருட்காட்சியில் குதிரை ராட்டினமும் போதும், இதில் குறை ஒன்றும் இல்லை.

ஏற்காடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. பிள்ளைகளுக்கு ராட்டினம் ஒத்துக்கொள்ளுமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள ஏற்காடு மலைப்பாதை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பின் சீட்டில் உட்கார்ந்து போய் வாந்தி எடுக்கிற பிள்ளை, பெரும்பாலும் சுற்றுகிற ராட்டினத்திலும் எடுக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு திரும்புகிறது என்று சொல்லும், கண்ணுக்கு முன்னால் இருக்கிற சீட்டோ கம்பியோ அசையாமல் நிற்கும், மூளை குழம்பிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மேலே கீழே போகிறது, முன்னே பின்னே ஆடுகிறது ஓரளவு பரவாயில்லை, கப் மாதிரி சுற்றுவதும் சுற்றிக்கொண்டே சாய்வதும் ஆகாது. மாத்திரை கொடுக்கலாமா என்றால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள், சில மாத்திரைகள் பிள்ளைகளை நாள் முழுக்கத் தூங்க வைத்துவிடும். பெரியவர்களுக்கும் இதே பரீட்சைதான். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும்போது தலை சுற்றுகிறது என்கிற கொழுந்தன் சுற்றுகிற ராட்டினங்களில் வீம்புக்கு ஏற வேண்டாம்.

எந்தப் பார்க் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய ராட்டினங்கள்தான் வேண்டும் என்றால் பெங்களூர், 2005-லிருந்து நடக்கிற இடம், ராட்டினம் தண்ணீர் இரண்டுமே நிறைவாக இருக்கும். தண்ணீர் விளையாட்டுதான் முக்கியம், பையன் சின்னவன், மாமியாருக்கு நெடும்பயணம் ஆகாது என்றால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்கிற தண்ணீர்ப் பார்க் போங்கள், 160, 170 கிலோமீட்டர்தான், பவானி, பெருந்துறை, அவிநாசி போய் அன்னூர் வழியாகத் திரும்பிவிடலாம், கோயம்புத்தூருக்குள் நுழையத் தேவையில்லை. சென்னைப் பக்கம் திருப்போரூர் இள்ளலூரில் 2025 டிசம்பரில் இன்னொரு வொண்டர்லா திறந்திருக்கிறார்கள், புதுசு, ஆனால் நமக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் பார்க்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் மேட்டுப்பாளையம்தான் சொல்வேன். மே மாதத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் மேட்டுப்பாளையம் ரோடு நெரிந்து நிற்கும், அந்த வாரத்தைத் தவிருங்கள். அப்படியே ஊட்டிக்கும் ஒரு எட்டு போய் வந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். ஊட்டி ஏற 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், பார்க் வரை மட்டும் போக அந்தப் பாஸ் தேவையில்லை. அதைவிட முக்கியம், நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய பிள்ளைகளை மறுநாள் மலை ஏற்றினால் காய்ச்சலோடுதான் வீடு வருவீர்கள். ரயிலில் போகலாமே என்றால், நீலகிரி எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனுக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும், விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், அதே தூக்கம் கெடுகிற கதைதான்.

தேதி விஷயத்தில் ஒன்று. பெங்களூர் போவதாக இருந்தால் நம் ஊர் லீவை மட்டும் பார்க்காமல் கர்நாடகா லீவையும் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிற நாள் கூட்டம் இருக்காது என்று நினைத்துப் போனால் அங்கே தசரா விடுமுறையாக இருக்கும். சனி, ஞாயிறு எப்போதுமே வேண்டாம், செவ்வாய், புதன் நல்லது, டிக்கெட்டும் வாரக் கடைசியைவிடக் குறைவாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், சேலம் 280 மீட்டர்கூட இல்லை, நம் வெயிலுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு அங்கே மார்கழித் தண்ணீரில் அரை மணி நேரத்தில் உதடு நீலமாகிவிடும்.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். காலேஜ் பையனுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு, ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், மொபைலில் போட்டோ காட்டினால் ஏற்காமல் போகலாம். டிக்கெட்டின் க்யூஆர் கோட் இருக்கிற மொபைலில் சார்ஜ் இருக்கட்டும், அதைப் பெரியவளிடம் கேம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள்.

உள்ளே போன பிறகு நாளை எப்படி நகர்த்துவது என்பதில்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க வாசலுக்குப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிற ராட்டினத்தில் போய் நிற்கும். நீங்கள் அதைத் தாண்டி உள்ளே கடைசி வரை நடந்து அங்கிருந்து ஆரம்பியுங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பெரியது முடிந்துவிடும். காலையில் காய்ந்த உடம்போடு ராட்டினங்கள், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர், இந்த வரிசை மாறக்கூடாது. நனைந்த துணியோடு மறுபடி ராட்டினத்துக்கு வந்தால் பிள்ளைக்குக் காற்றில் உடம்பு நடுங்கும், பல ராட்டினங்களில் ஈரத்தோடு ஏற்றவும் மாட்டார்கள். நீர் விளையாட்டுகளுக்கு என்று தனி நேரம் வைத்திருப்பார்கள், மாலையில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், நுழைந்தவுடன் அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னாடியே தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டால் உடை மாற்றும் அறையில் நிதானமாகத் துடைத்து மாற்றலாம், கடைசி நிமிஷம் வரை இருந்தால் ஒரு அறைக்கு இருபது பேர் நிற்பார்கள், உங்கள் பையன் நடுங்கிக்கொண்டு நிற்பான்.

சாப்பாடு. வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், கைக்குழந்தை உணவுக்கு மட்டும்தான் பெரும்பாலும் அனுமதி, ஆகவே புளிசாதம் கட்டிக்கொண்டு போய் வாசலில் செக்யூரிட்டியிடம் மன்றாட வேண்டாம், வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தட்டுவடையும் அப்படித்தான், வேனில் தின்ன நல்லது, உள்ளே போகாது. தயிர்சாதம் மே மாத வேனுக்குள் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், அது வேண்டாம். உள்ளே இருக்கிற உணவகத்தில் பன்னிரண்டு மணிக்கு முன்னாலோ இரண்டரைக்குப் பிறகோ சாப்பிட்டால் கூட்டம் இல்லை. பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போய்ச் சுற்றுகிற ராட்டினத்தில் உட்காரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மூன்று மணி வாக்கில் ராட்டினங்களுக்குக் கீழே வாளியும் துடைப்பமுமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் மர நிழலில் உட்காருங்கள். தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது, வேர்ப்பதும் தெரியாது, அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு இரண்டு மடக்குக் குடிக்க வையுங்கள், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

துணி, நகை பற்றி வீட்டுப் பெண்கள் கவனமாகப் படியுங்கள். நீர்ச்சறுக்கில் பருத்திச் சுடிதாருக்கும் ஜீன்ஸுக்கும் அனுமதி இல்லை, நைலான் மாதிரி வழுக்குகிற துணிதான் கேட்பார்கள். அங்கே கடையில் வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும், ஆனால் கடை வீதியில் பாதி விலைக்கு முன்னாடியே வாங்கிவிடலாம், பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் வைத்ததே கிடைக்கிறது, கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கரையில் உட்கார வேண்டியதில்லை. கொலுசைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நம் சேலத்துக் கொலுசில் முத்தும் சலங்கையும் கொத்தாக இருக்கும், சறுக்குப் பலகையின் இணைப்பில் ஒரு கண்ணி மாட்டினால் கணுக்காலைக் கிழித்துவிடும். தங்கத் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு அலைக்குளத்தில் இறங்குவதும் ஆபத்து, தொலைந்தால் அந்தக் கூட்டத்தில் கிடைக்காது. அன்றைக்கு ஒரு நாள் மஞ்சள் கயிற்றில் கோத்து உள்பக்கம் ஊக்குப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல வழி. ஜிமிக்கி, வளையல், மோதிரம், எதுவும் வேண்டாம்.

துப்பட்டாவும் நீண்ட தலைமுடியும் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சக்கரமும் மோட்டாரும் இருக்கிற எதிலும், முக்கியமாகக் குட்டிக் கார் பந்தயத்தில், துப்பட்டாவோ விரித்த முடியோ அச்சில் சுற்றிக்கொண்டால் ஒரு நொடியில் உயிர் போகும். உங்கள் பெண்ணுக்குப் பின்னிக் கொண்டை போட்டு வலை மாட்டிவிடுங்கள். துப்பட்டா உள்ள உடையே அன்றைக்கு வேண்டாம்.

அலைக்குளம் பற்றித் தனியாகச் சொல்கிறேன், எனக்கு அடிவயிறு கலங்குகிற இடம் அதுதான். பெரும்பாலும் அலை விடுவதற்கு முன்னால் ஒரு சைரன் அடிப்பார்கள், உடனே எல்லோரும் ஆழமான பக்கம் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் நாலு வயதுப் பிள்ளையின் கை நழுவிவிடும். தண்ணீரில் முங்குகிற பிள்ளை சினிமாவில் மாதிரி கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் நாலு பேர் கால்களுக்கு நடுவில் போய்விடும். பார்க்கிற ஆள் இருக்கிறார், விசில் ஊதுவார் என்பதை நம்பி நீங்கள் கண்ணை எடுக்காதீர்கள். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்: பையன் உங்கள் பொறுப்பு, பெண் கொழுந்தன் பொறுப்பு, மாற்றுவதாக இருந்தால் வாயால் சொல்லி மாற்ற வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வாங்கிப் போட்டுவிட்டு, அப்படியும் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே நில்லுங்கள். மொபைல் லாக்கரில் இருக்கட்டும்.

பிள்ளை கூட்டத்தில் தொலைந்தால் காட்டுவதற்குக் காலையில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், சரிதான், ஆனால் மத்தியானம் எல்லோரும் உடை மாற்றிவிடுகிறார்கள். அப்போது உங்கள் மொபைலில் இருப்பது சிவப்புச் சட்டைப் பையன், தேட வேண்டியது நீல நைலான் போட்ட பையனை. உடை மாற்றியதும் லாக்கரில் மொபைலை வைப்பதற்கு முன்னால் மறுபடி ஒரு போட்டோ எடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் கையில் எழுதிய நம்பர் தண்ணீரில் அழிந்துவிடும், மார்க்கர் பேனாவில் முன்கையில் எழுதி மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டுங்கள், லாக்கருக்குள் இருக்கிற மொபைல் நம்பரை எழுதாதீர்கள், கரையில் உட்கார்ந்திருக்கிற மாமியாரின் நம்பரை எழுதுங்கள்.

மாமியாரைப் பற்றியும் பேச வேண்டும். ராட்டினம் ஏறாதவர்களுக்கும் டிக்கெட் உண்டு, அதனால் "காசு வீணா" என்று அவரே சங்கடப்படுவார், பலர் அந்தச் சங்கடத்துக்காகவே பிபி மாத்திரை போடுகிற உடம்போடு ஏறிவிடுகிறார்கள். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் இருக்கிறவர்கள் வேகமான எதிலும் ஏறக்கூடாது, இது எல்லாப் பார்க்கிலும் எழுதியிருக்கும். ஆனால் அவரை நாள் முழுக்க ஒரு பெஞ்சில் பைகளுக்குக் காவலாக உட்கார வைப்பதும் தப்பு, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பைகளை லாக்கரில் போடுங்கள். மெதுவாகப் போகிற ரயிலோ உயரத்திலிருந்து ஊர் பார்க்கிற சக்கரமோ இருந்தால் அவரோடு சேர்ந்து ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் முறை வைத்துப் பக்கத்தில் இருங்கள், மத்தியானம் மழை நடனம், நிழலான இடம் எங்கே என்று பார்த்து அங்கே அழைத்துப் போங்கள். வெறுங்காலோடு இரண்டு மணி வெயிலில் சிமெண்டுத் தரையில் நடக்க விடாதீர்கள், சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போய் சூடு தெரியாது, சாயங்காலம்தான் கொப்புளம் தெரியும்.

பெண் பயந்தால் விட்டுவிடுங்கள். "பக்கத்து வீட்டுப் பையன் போறான் பாரு" என்று சொல்லி ஏற்றி, அவள் அழுவதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இன்னும் பல வருஷத்துக்கு எந்த ராட்டினத்திலும் ஏறாது, உங்கள் பேச்சையும் நம்பாது. ஒரு தடவை பக்கத்தில் நின்று மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும், இறங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் தாமாகவே கேட்கும், கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

வண்டி பேசும்போது நாலு விஷயம் கேளுங்கள். மஞ்சள் போர்டு வண்டியா? தெரிந்தவருடைய சொந்த வண்டி, வாடகை கம்மி என்று ஒயிட் போர்டில் போனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். பெங்களூர் என்றால் கர்நாடகா பர்மிட், டேக்ஸ் வாடகையோடு சேர்ந்ததா தனியா? சுங்கம், பார்க்கிங், டிரைவர் பேட்டா யார் பொறுப்பு? நாலாவது, இதை யாருமே கேட்பதில்லை: டிரைவர் முந்தின ராத்திரி தூங்கினாரா, பகலில் அவர் படுக்க இடம் உண்டா? நீங்கள் உள்ளே விளையாடுகிற நேரம் அவர் வெயிலில் நிற்கிற வேனுக்குள் எப்படித் தூங்குவார்? ஓசூரில் ரூம் போடும்போது அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் போடுங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் இன்னும் மோசம், நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிய அப்பாவே ராத்திரி ஸ்டீயரிங் பிடிப்பார்.

அந்தத் திரும்புகிற ராத்திரிதான் இந்தப் பதிலையே எழுத வைத்தது. பார்க்கைவிட்டு ஆறரை, ஏழுக்கு வெளியே வருவீர்கள், ஓசூர் தாண்ட ஒன்பதரை ஆகும், கிருஷ்ணகிரியில் சாப்பிட்டுக் கிளம்பினால் தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய்க்கு வரும்போது நள்ளிரவு. போகும்போது ஏறின ரோடு, வரும்போது இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வருகிற வழியில்தான் அந்தச் சரிவு, டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் விட்டு வருகிற லோடு லாரிகள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறுவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது, 2024 ஜனவரியில் லாரிகளுக்கு நடுவில் கார் சிக்கி எரிந்து உயிர்கள் போனதை நாம் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அந்த இடத்துக்கு, அந்த நேரத்தில், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற டிரைவரும் பின்னால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற பிள்ளைகளுமாக வராதீர்கள். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஒரு ரூம் எடுத்துத் தூங்கிவிட்டுக் காலை வெளிச்சத்தில் வாருங்கள், அதற்கு ஆறு பேர் டிக்கெட் செலவுகூட ஆகாது. அப்போதும் தொப்பூர் இறக்கத்தில் டிரைவரை லோ கியரில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், லாரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிப் போக வேண்டாம், பிள்ளைகள் உட்பட எல்லோரும் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் யாரும் உட்கார வேண்டாம். மேட்டுப்பாளையம் போனால் இந்தக் கணவாய் இல்லை, ஆனாலும் ராத்திரி பத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் அவிநாசியிலோ பெருந்துறையிலோ நிறுத்திவிடுங்கள். லீவு எத்தனை நாள், வேனா காரா என்று சொன்னால் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று நேரம் போட்டே எழுதித் தருகிறேன்.